உப்புப் பூத்த சுவர்

சுவரை நக்கிப் பார்த்துத் துப்புச் சொன்ன உதவியாளன் உலகத்தில் மீட்டர் ஒருவனாகத்தான் இருப்பான்.

"உப்பு, மேடம்," என்றான், விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே. "அளவு கொஞ்சம் கூடத்தான். வீட்டுச் சாப்பாட்டுல இப்படிப் போட்டிருந்தா தட்டு பறந்திருக்கும்."

மீட்டர் என்பது அவனுடைய பெயர் அல்ல. டாக்ஸி ஓட்டிய காலத்தில், வண்டி நின்ற பிறகும் வாய் ஓடிக்கொண்டே இருந்ததால் சக டிரைவர்கள் சூட்டிய பட்டம். அவனுடைய முதலாளியம்மாவுக்கு ஊசி என்று பெயர் வந்ததும் அப்படித்தான். போலீஸ் உத்தியோகத்தில் இருந்தபோது மேலதிகாரிகளைக் கேள்வியாலேயே குத்திக்கொண்டிருந்தாள். உத்தியோகம் போயிற்று, பெயர் தங்கிவிட்டது. இப்போது தனியாகத் துப்பறிகிறாள். அவளுக்கு வண்டி ஓட்டுவதும், கூடப் போவதும், அவ்வப்போது தலைவலி கொடுப்பதும் மீட்டரின் வேலை.

இருவரும் நின்றிருந்தது துறைமுகத்தை ஒட்டிய பழைய சுங்க மாளிகையின் எடை மண்டபத்தில். ஒரு காலத்தில் கப்பலிலிருந்து இறங்கிய மூட்டைகளை எடைபோட்ட இடம். கப்பல்கள் புதுத் துறைமுகத்துக்குப் போனபின் பூட்டிக் கிடந்தது. இப்போது அருங்காட்சியகமாக்குவதற்காகச் சீர்திருத்துகிறார்கள். முன்பு அப்பியிருந்த சிமெண்டையெல்லாம் கொத்தி எடுத்துவிட்டு, கட்டியவர்கள் பூசியது போலவே சுண்ணாம்புக் காரை பூசிக்கொண்டு வருகிறார்கள். ஈரம் வற்றிக்கொண்டிருந்த அந்தப் புதுப் பூச்சின்மேல், ஆள் உயரத்தில், வெள்ளைப் பொடியாக இரண்டு வார்த்தைகள் பூத்திருந்தன.

வேறு எங்கே?

"இது மூணாவது தடவை," என்றார் பின்னால் நின்ற கமிட்டித் தலைவர். வழுக்கையில் வெயில் படாமலே வியர்த்திருந்தது. "முதல்ல பெரிய ஹால்ல வந்துச்சு. 'இங்கே இல்லை'ன்னு. அடுத்தது மாடிப்படிச் சுவர்ல, 'இங்கேயும் இல்லை'. இன்னைக்கு இது. தொடைச்சாப் போகுது. காஞ்சாத் திரும்ப வருது. காவல் போட்டுப் பார்த்துட்டேன். ஒரு ஈ, காக்கா உள்ளே வரல."

"கடற்கரைக் கட்டடம். உப்புக் காத்தா இருக்கும்னு யாரும் சொல்லலையா?" என்று கேட்டாள் ஊசி.

"சொன்னாங்க."

"உப்புக் காத்துக்கு எழுத்துக்கூட்டத் தெரியுமா சார்?" என்றான் மீட்டர். "கேள்விக்குறி வேற தப்பில்லாமப் போட்டிருக்கு. நானே மறந்துடுவேன்."

தலைவர் சிரிக்கவில்லை. "எனக்கு ஆள் யாருன்னு தெரியணும், அவ்வளவுதான். பேரை மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

கடைசி வார்த்தைகளை அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் மீட்டருக்குப் பிடரியில் ஏதோ ஊர்ந்தது போலிருந்தது.

தலைவரின் அறை அதே தளத்தில், முற்றத்தின் கோடியில் இருந்தது. டீ வந்தது. உட்கார நாற்காலி இல்லாததால் மீட்டர் சுவரில் சாய்ந்து நின்றான். சாய்ந்த வேகத்தில் பெயிண்ட் அப்பளம் போல நொறுங்கி அவன் சட்டையெல்லாம் உதிர்ந்தது. நகர்ந்து இன்னோர் இடத்தில் சாய்ந்தான். அங்கேயும் அதே கதை. இடுப்பு உயரம்வரை சுவர் முழுக்க ஓதம் ஏறி, கொப்புளம் கொப்புளமாக வீங்கியிருந்தது.

"இந்த அறைக்கு மட்டும் ஏன் சார் வைத்தியம் பார்க்கல?" என்றான் தோளைத் தட்டிக்கொண்டே.

"இதுக்கு அவசியமில்ல. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கட்டடத்துக்கு நான்தான் இன்ஜினியர். நான் போட்ட சிமெண்ட் பூச்சு இது. இன்னைக்கும் கல்லு மாதிரி நிக்குது," என்று தலைவர் சொல்லி முடிப்பதற்குள், அந்தக் கல்லிலிருந்து ஒரு சில்லு உதிர்ந்து அவருடைய டீயில் விழுந்தது.

மீட்டர் மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, தொப்பி மாட்டும் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்ச் சாய்ந்தான். அதிசயமாக அங்கே எதுவும் உதிரவில்லை. சட்டையும் தப்பித்தது. ஊசி அவன் முதுகை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள ஆளைக் காட்டுறேன் சார்."

வெளியே வந்ததும் மீட்டர் முணுமுணுத்தான். "எப்படி மேடம் அவ்வளவு தைரியமாச் சொன்னீங்க? ராத்திரியும் பகலும் காவல். ஆள் வரல, ஆனா எழுத்து வருது. எனக்கென்னவோ பேய்தான்னு தோணுது. அதுவும் படிச்ச பேய்."

"ஆள் வரலைன்னா என்ன அர்த்தம்?"

"வந்துட்டுப் போயாச்சுன்னு அர்த்தம்."

ஊசி நின்றாள். "பார்த்தீங்களா, உங்க வாயிலேயே பதில் வந்துருச்சு. எழுத்து வெளியிலேர்ந்து உள்ளே போகல மீட்டர். உள்ளேர்ந்து வெளியே வருது. பூசுறதுக்கு முன்னாடி யாரோ செங்கல்மேல உப்புத் தண்ணியைத் தொட்டு எழுதியிருக்காங்க. அதுக்குமேல பூச்சு. பூச்சு காயும்போது ஈரம் வெளியே வரும், உப்பையும் கூட்டிட்டு வரும். தொடைச்சா மேல இருக்கறதுதான் போகும்."

மீட்டர் வாயைப் பிளந்தான். "அப்போ பூசுன கொத்தனார் அத்தனை பேரையும் விசாரிக்கணுமே!"

"வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும்."

அந்தக் கேள்வியை அவள் முற்றத்தில் வாளியும் தண்ணீர் தெளிக்கும் மட்டையுமாக நின்றிருந்த வேலைக்காரப் பெண்ணிடம் கேட்டாள். "சுவருக்குத் தண்ணி தெளிக்கிறது நீங்கதானே அக்கா? எந்தச் சுவருக்குத் தெளிக்கணும், எதை நிறுத்தணும்னு யார் சொல்லுவாங்க?"

"டாக்டரம்மாதான். சுண்ணாம்பு அவசரமாக் காஞ்சா வெடிச்சிரும் பாருங்க. அதனால ஈரத்துலயே வெச்சிருப்போம். எது போதும்னு அவங்க தொட்டுப் பார்த்துச் சொல்லுவாங்க. நேத்துகூட, எடை மண்டபத்துக்கு இனிமே வேண்டாம்னு சொன்னாங்க."

தண்ணீர் நின்றால் சுவர் காயும். சுவர் காய்ந்தால் எழுத்து வரும். எழுத்து எந்த நாளில் வர வேண்டும் என்பது ஒரே ஒருவர் கையில்தான் இருந்தது. மீட்டருக்கு இந்தக் கணக்கு புரிந்தபோது சந்தோஷத்துக்குப் பதிலாக ஏமாற்றம்தான் வந்தது. காலையில் வந்ததும், கேட்காமலே அவனுக்குத் தலைக்கவசம் எடுத்துக் கொடுத்தவள் அந்த டாக்டரம்மா.

அவளுக்கு ஊசி போடத் தெரியாது. பழைய கட்டடப் பொருள்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். சுவருக்கு வைத்தியம் பார்க்கிறவள் என்பதால் வேலையாட்களுக்கு அது பொருத்தமாகவே இருந்தது. பின்கட்டில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்த தொட்டிகளின் பக்கத்தில், செங்கல் தூளைச் சலித்துக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தொட்ட வயது. முழங்கைவரை வெள்ளை.

"நல்ல யோசனை," என்றாள் ஊசி, முகவுரை எதுவும் இல்லாமல். "சிமெண்டா இருந்தா இது நடந்திருக்காது, இல்லையா?"

சல்லடை நின்றது. டாக்டரம்மா மறுக்கவில்லை. பயந்த மாதிரியும் தெரியவில்லை.

"நடக்காது," என்றாள். "செங்கலும் சுண்ணாம்பும் மூச்சு விடும். உள்ளே இருக்கிறதை வெளியே சொல்லிடும். சிமெண்ட் அதோட மூக்கையும் வாயையும் பொத்திடும். ஈரம் போக வழியில்லாம உள்ளேயே அழுகும். மேல பார்த்தா ஒண்ணுமே தெரியாது."

"இவ்வளவு தெரிஞ்சவங்க, நீங்களே சுவருக்குள்ள உப்பை வெச்சீங்களே. அது சுவருக்கு விஷம் இல்லையா?"

"விஷம்தான். காகிதக் கூழை அப்பி வெச்சா ஒரு மாசத்துல உறிஞ்சி எடுத்துடலாம். சுவர் பிழைச்சுக்கும்."

"சுவர் மட்டுமா?"

"சுவர் மட்டும்தான்," என்றாள் அவள். அந்தக் குரலில் துளி ஈரம் இல்லை.

மீட்டர் குறுக்கே புகுந்தான். "ஏம்மா, இவ்வளவு படிச்சிருக்கீங்க. அந்தத் தலைவர் மேல கோவம்னா நேரா ரெண்டு திட்டு திட்டிட்டுப் போகலாம்ல? எதுக்கும்மா சுத்தி வளைச்சு? என்ன இல்லைன்னு எழுதுனீங்க?"

"அதை அவன்கிட்ட கேளுங்க."

"சரி, வாங்க. கேட்டுடலாம்," என்றாள் ஊசி. கைப்பேசியை எடுத்துச் சற்றுத் தள்ளிப்போய் யாரிடமோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தாள். "உளியும் சுத்தியலும் இருந்தா எடுத்துக்குங்க. வழியில தேவைப்படலாம்."

முற்றத்தைக் கடக்கும்போது மீட்டர் ஊசியின் காதருகே கெஞ்சினான். "மேடம், அந்தாள்கிட்ட இவங்களை ஒப்படைக்கப் போறீங்களா? மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்னு சொன்னதைக் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு வாங்க."

மீட்டர் வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படியே செய்தான்.

தலைவர் மேஜைக்குப் பின்னால் காத்திருந்தார். உள்ளே வந்தவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இவளா? நினைச்சேன். இந்தச் சுண்ணாம்புக்காரியா?"

"இவங்கதான். ஒத்துக்கிட்டாங்க," என்றாள் ஊசி.

"வேலையை விட்டுத் தூக்குறது பத்தாது. இனி எந்த ஊர்லயும் ஒரு செங்கலைத் தொட விடமாட்டேன். உள்ளே தள்ளிட்டுத்தான் ஓய்வேன்." தலைவர் கைப்பேசியை எடுத்தார். "போலீஸைக் கூப்பிடுறேன்."

"நான் கூப்பிட்டாச்சு. இன்ஸ்பெக்டர் வந்துட்டே இருக்கார். அதுவரைக்கும் ஒரு சின்னச் சந்தேகம் சார்." ஊசி நாற்காலியை இழுத்துப் போட்டு, கதவை அடைத்த மாதிரி உட்கார்ந்தாள். "இந்தக் கட்டடத்துல எழுத்தைப் பார்த்த அத்தனை பேரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. வாசல்ல நின்ன காவல்காரர் கேட்டார். இப்ப எங்க மீட்டர்கூடக் கேட்டார். 'இங்கே இல்லை'ன்னா, என்ன இல்லை? காலையிலேர்ந்து பார்க்கறேன், நீங்க ஒரு தடவைகூட அதைக் கேட்கல. யாரு, யாருன்னு மட்டும்தான் கேட்கறீங்க. என்னன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், அப்படித்தானே?"

தலைவர் கைப்பேசியை மேஜைமேல் வைத்தார்.

"என்ன உளர்றீங்க?" என்றார் தலைவர்.

"இன்னொண்ணும் பார்த்தேன். மீட்டர், திரும்பி நில்லுங்க."

மீட்டர் திரும்பினான். முதுகு முழுக்கப் பெயிண்டும் பொடியும்.

"இவர் இந்த அறையில எங்கே சாய்ஞ்சாலும் சுவர் உதிருது. தரையிலேர்ந்து ஓதம் ஏறுது, சிமெண்ட் அதை வெளியே விடல. ஆனா அந்தத் தொப்பி ஸ்டாண்டுக்குப் பின்னாடி, ஒரு கதவு அகலத்துக்கு, சுவர் சுத்தமா இருக்கு. உடம்பெல்லாம் சீக்குப் பிடிச்சவனுக்கு ஒரு இடம் மட்டும் பளபளன்னு இருந்தா என்ன அர்த்தம் டாக்டரம்மா?"

டாக்டரம்மா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது அந்த உடம்பு இல்லைன்னு அர்த்தம்," என்றாள். "பழைய சுவரா இருந்தா மண்ணைத் தொட்டு நிக்கும். ஓதம் ஏறியே தீரும். இது அப்புறமா அடைச்சது. மாடமோ அலமாரியோ இருந்திருக்கு. அதோட அடிக்கல்லு மேல நிக்கறதால ஈரம் மேல வரல." தலைவர் பக்கம் திரும்பினாள். "இந்த அறைக்குள்ள என்னை ஒரு தடவைகூட விடல. மத்த எல்லாச் சுவரையும் பிரிச்சுப் பார்த்துட்டேன். ஒவ்வொண்ணுலயும் எழுதிட்டு, இவன் மூஞ்சியைப் பார்த்தேன். 'இங்கே இல்லை'ன்னு படிக்கும்போது இவனுக்குப் பயம் வரல. நிம்மதிதான் வந்துச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கார்னு."

"யாரு?" என்றான் மீட்டர்.

"எங்க அண்ணன்."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கட்டடத்தைப் பரிசோதிக்க வந்த பாரம்பரியக் கட்டட நிபுணர் அவளுடைய அண்ணன். சிமெண்ட் வேலையை நிறுத்தச் சொன்னவர். மேலிடத்தில் புகார் கொடுப்பேன் என்று இன்ஜினியரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னவர். ஒருநாள் காணாமல் போனார். எவளோ ஒருத்தியோடு கப்பலேறிவிட்டார், என் கண்ணாலேயே பார்த்தேன் என்று ஊர் முழுக்கச் சொன்னவர் இந்த இன்ஜினியர்.

"அப்போ நான் வெளிநாட்டுல படிச்சிட்டிருந்தேன். என் முகம் இவனுக்குத் தெரியாது," என்றாள் டாக்டரம்மா. "எங்க அண்ணி இங்கேதான் இருந்தாங்க. ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு பேர் வாங்கிட்டு, இதே ஊர்ல. நல்லது கெட்டதுக்கு யாரும் கூப்பிடல. வீட்டு வாசல்ல நின்னு கேலி பண்ணிட்டுப் போனவங்க உண்டு. அத்தனைக்கும் காரணம் இவன் சொன்ன ஒரே ஒரு வார்த்தை."

தலைவர் எழுந்தார். "பைத்தியக்காரி. அந்தச் சுவரைத் தொட்டா..."

"உட்காருங்க சார்," என்றான் மீட்டர். தோளில் கை வைத்தே உட்கார வைத்தான். டாக்ஸி ஓட்டி இறுகிய கை. தலைவர் உட்கார்ந்தார்.

"இந்தக் கட்டடத்துல எந்தச் சுவரையும் பரிசோதிக்க டாக்டரம்மாவுக்கு அதிகாரம் இருக்கு," என்றாள் ஊசி. "இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் அவங்க வேலையை அவங்க பார்க்கட்டும்."

டாக்டரம்மா ஸ்டாண்டை நகர்த்தினாள். பூச்சை விரல் முட்டியால் தட்டினாள். டொக்கென்று கேட்டது, உள்ளே வெற்றிடம். உளியை வைத்து முதல் அடி அடித்தாள். சிமெண்ட் சில்லு தெறித்தது. அடுத்த அடிக்கு அவள் அவசரப்படவில்லை. தூசியை ஊதினாள், உளியை நகர்த்தி வைத்தாள், மறுபடி ஓர் அடி. வேலையாட்கள் சத்தம் கேட்டு வாசலில் கூடினார்கள். ஒருவர் கடப்பாரை கொண்டுவந்து நீட்டினார்.

"வேண்டாம்," என்றாள். "பழைய கட்டடத்துல எதையும் அவசரமாப் பிரிக்கக் கூடாது. எங்க அண்ணன் எனக்குச் சொல்லிக் கொடுத்தது."

தலைவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவள் அடுத்த அடியை இன்னும் மெதுவாகப் போட்டாள். மீட்டருக்கு அப்போதுதான் புரிந்தது. கடப்பாரை போட்டால் இரண்டு நிமிஷத்தில் முடிகிற வேலை அது. ஒவ்வொரு அடியையும் எதிரில் உட்கார்ந்திருக்கிறவனின் காதுக்குள் இறக்க வேண்டும் என்பதற்காகவே அவள் நிறுத்தி நிறுத்தி அடித்தாள். தன் கையின் கீழே அந்தத் தோள் ஒவ்வோர் அடிக்கும் துள்ளுவதை மீட்டர் உணர்ந்தான். கையை எடுக்க அவனுக்கு மனமில்லை.

முதல் செங்கல் வெளியே வந்தது. அதைத் துடைத்துத் தரையில் ஒழுங்காக வைத்தாள். இரண்டாவது. மூன்றாவதை அசைக்கும்போது தலைவர் காதைப் பொத்திக்கொண்டு அலறினார்.

"நிறுத்து! நிறுத்தச் சொல்லுங்க! தள்ளத்தான் செஞ்சேன். கல்லுல விழுந்தான். கொல்லணும்னு நினைக்கல!"

சுத்தியல் நின்றது. டாக்டரம்மா இருட்டான ஓட்டைக்குள் விளக்கைக் காட்டினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையை விட்டு ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்தாள். அதன் ஒரு பக்கக் காம்பு செப்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது.

"நான் கட்டிக் கொடுத்தது," என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. கண்ணாடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தலைவரின் முன்னால் வந்து குனிந்தாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ செங்கலை அடுக்கும்போது எங்க அண்ணனுக்கு மூச்சு இருந்துச்சா?"

தலைவர் தரையைப் பார்த்தார். அந்த மௌனத்தைக் கேட்ட வேலைக்காரப் பெண் வாசலிலேயே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா நிமிர்ந்தாள். அவள் கண்ணாடியைக் கீழே வைக்காமலே எண்ணைச் சொல்ல, மீட்டர்தான் அதை அழுத்தி, கைப்பேசியை அவள் காதருகே பிடித்துக்கொண்டான். மறுமுனையில் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"அண்ணி, அண்ணன் எங்கேயும் ஓடிப் போகல."

இயந்திரம் நின்றது. ஒரு பெண்குரல், "அவர் போகமாட்டார்னு எனக்குத் தெரியும்," என்றது. கொஞ்சம் கழித்து, வேறு யாருடைய குரலோ என்று நினைக்கும்படி, "ஓடிப்போயிட்டார்னு சொன்னானே, அவன் அங்கதான் இருக்கானா? போலீஸ் கூட்டிட்டுப் போயிடாமப் பார்த்துக்கோ. நான் வர்றேன்," என்றது.

இன்ஸ்பெக்டர் வந்தார், பார்த்தார், விலங்கு மாட்டினார். உடனே கிளம்ப வேண்டும் என்றார். ஊசி அவரிடம் தன் பழைய உத்தியோகக் குரலில் ஏதோ கேட்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வாசல் படியில் காத்திருக்கச் சம்மதித்தார்.

அண்ணி நடந்தே வந்தாள். ஒல்லியான பெண். தோளில் அளவு நாடா தொங்கியது, கழற்றக்கூட மறந்திருந்தாள். அதற்குள் துறைமுகத் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கடைக்காரர்கள், சுமை தூக்குபவர்கள், எதிர்வீட்டு மாடிகளிலிருந்து பெண்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் படியேறி, விலங்கோடு நின்றவன் முன்னால் போய் நின்றாள்.

அடிக்கப் போகிறாள் என்று மீட்டர் நினைத்தான். அவள் கையை ஓங்கவில்லை.

"அன்னைக்கு ஊருக்கே சொன்ன," என்றாள். "இன்னைக்கும் ஊருக்கே சொல்லு."

அவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் கடலைப் பார்த்தார். ஊசி அசையவில்லை.

அவன் உதட்டுக்குள் ஏதோ சொன்னான்.

"கேட்கல," என்றாள் அண்ணி.

"அவர் ஓடிப் போகல... நான்தான்..."

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேட்கல."

அவன் தலையை நிமிர்த்தினான். கண்ணீரும் சளியுமாக, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்தினான். இந்தத் தடவை தெருக்கோடிவரை கேட்டது.

அண்ணி முழுவதையும் கேட்டாள். பிறகு அவனைத் தாண்டி, தன் புருஷனைப் பார்க்க உள்ளே போனாள்.